வேலை நடக்கும் நூலகத்தில் படிக்க முடியுமா, காட்சிக்கூடத்தைப் பார்க்க முடியுமா? (காரைக்குடி, புதுக்கோட்டை வட்டாரம்)

கல்லல்வாசி | 3 மே, காலை 8.15

சங்க இலக்கியப் பாட வேறுபாடு (ஒரே பாட்டு பதிப்புக்குப் பதிப்பு, சுவடிக்குச் சுவடி சொல் மாறுவது) பார்க்கும் வேலை. மூன்று பொருள் வேண்டும். புறநானூறு, உ.வே.சா. பதிப்பு, 1894. ஓர் அறக்கட்டளை நூலகத்தில் இருக்கும் இரண்டு சுவடிக் கட்டு. ஓர் அருங்காட்சியகத்தின் சிற்பக் கூடத்தில் இருக்கும் எழுத்துப் பொறித்த கல் ஒன்று.

நூலகம் பழைய வளவு வீட்டில் (பங்காளிகளுக்குப் பொதுவான செட்டிநாட்டுப் பெரிய வீடு) இருக்கிறது. ஓடு பிரித்து மாற்றுகிறார்கள், சுவர் பூசுகிறார்கள், தரையும் சரிபார்க்கிறார்கள். “பராமரிப்புப் பணி நடைபெறுவதால் மறு அறிவிப்பு வரை அனுமதி இல்லை” என்று பலகை. அருங்காட்சியகம் திறந்திருக்கிறது. ஆனால் நான் தேடும் கூடத்தை மட்டும் நீலத் தார்ப்பாய் கட்டி மறைத்துவிட்டார்கள்.

என் கட்சி இது: வேலை நடக்கிற அறையைத்தான் மூட வேண்டும், நூலகத்தையே மூட வேண்டியதில்லை. எப்படிக் கேட்டால் நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இடப்பதிவேடு | 3 மே, காலை 9.40

பாதிதான் சரி. முழுக்க மூடியே ஆக வேண்டிய நாட்கள் உண்டு. நூல் இருக்கும் அறைக்கு மேலே கூரை பிரிக்கிற நாள். கரையான் மருந்து செலுத்திய நாளும் அறை நன்றாகக் காற்றாடும் வரைக்கும். வெல்டிங் போன்ற நெருப்பு வேலை நடக்கிற நாள். பெட்டிகள் இடம் மாறுகிற நாள். இவை போக மிச்ச நாட்களில் முகப்பை ஒட்டிய அறையில் இரண்டு மேசை போட்டுக் கேட்ட நூலை எடுத்துக் கொடுக்கலாம்.

எடுத்துக் கொடுக்க வேண்டுமானால் நூல் எங்கே என்று தெரிய வேண்டும். அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. கதவைத் திறக்க யாருக்கும் மனமில்லாமல் இல்லை. அலமாரியிலிருந்து பெட்டிக்குப் போன நூல் எந்தப் பெட்டியில், எந்த அறையில் என்று எழுதி வைக்கவில்லை, அதனால் பலகை தொங்குகிறது. போய் நின்று “திறந்து விடுங்கள்” என்று கேட்காதீர்கள். “இடமாற்றப் பதிவேடு போட்டிருக்கிறீர்களா, இந்த எண் எந்தப் பெட்டியில்” என்று கேளுங்கள். பதிவேடு இருந்தால் அரை மணி நேரத்தில் நூல் மேசைக்கு வரும். இல்லையென்றால் அதைப் போட்டுக்கொடுக்க நீங்களே இரண்டு நாள் உட்காரத் தயார் என்று சொல்லுங்கள். ஆய்வாளர் உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லும் நூலகர் குறைவு.

புறநானூற்றுக்கு அந்த நூலகத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு 1894 பதிப்பு வேண்டுமா, அந்த நூலகத்தில் இருக்கும் அந்தப் பிரதியே வேண்டுமா? பதிப்பு போதும் என்றால் தமிழிணையம் மின்னூலகத்தில் தேடுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலும் கேளுங்கள். பக்கத்திலேயே வேண்டுமானால் புதுக்கோட்டை ஞானாலயா, முதல் பதிப்புகளுக்குப் பேர்போன இடம். எங்கேயும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். பிரதியின் ஓரத்தில் பழைய புலவர் யாராவது கையால் குறிப்பு எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பிரதிக்காக மெனக்கெடலாம்.

இன்னொன்று. 1894-ஐ மட்டும் வைத்துப் பாடம் முடிவு செய்யாதீர்கள். 1923, 1935 பதிப்புகளையும் பக்கத்தில் வையுங்கள்.

நாட்டோடு | 3 மே, இரவு 9.10

கட்டட வேலை பக்கத்திலிருந்து சொல்கிறேன். செட்டிநாட்டு வீட்டில் கூரை பெரும்பாலும் ரெண்டு வகை. நாட்டு ஓடு ஒன்று, மெட்ராஸ் டெரஸ் ஒன்று. எது என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் மூடணும் என்று சொல்ல முடியும்.

ஓடு என்றால் அங்கணம் அங்கணமாக (ஒரு விட்டத்துக்கும் அடுத்த விட்டத்துக்கும் நடுவே உள்ள பகுதி) பிரிக்கலாம். காலையில் பிரித்து, ரீப்பர் மாற்றி, சாயங்காலத்துக்குள் மூட முடிகிற அளவு மட்டும் கை வைக்கணும். பிரிக்கிற அங்கணத்துக்குக் கீழேயும் அதற்கு அடுத்த அங்கணத்திலும் ஒரு தாள்கூட இருக்கக் கூடாது. ஓட்டுக்கு அடியில் பல வருஷத்து மண், அணில் கூடு, வௌவால் எச்சம் எல்லாம் இருக்கும். ஓட்டை எடுத்ததும் கொட்டும்.

டெரஸ் வேறு கதை. தேக்கு விட்டம், அதன் மேல் செங்குத்தாக அடுக்கின சின்னச் செங்கல், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். அந்த அதிர்வில் கீழே அலமாரியில் இருக்கிற நூல் நகர்ந்து விளிம்புக்கு வரும், பழைய பூச்சு செதில் செதிலாக விழும். அப்புறம் தண்ணி கட்டி ஆற வைக்கிற நாட்களில் கீழே சொட்டும். அந்தப் பகுதியில் வாசகருக்கு இடமே கிடையாது, விவாதத்துக்கும் இடமில்லை.

ஒழுகுகிற டெரஸ் மேல் சிமெண்ட் பூசி முடித்துவிட்டதாக யாராவது சொன்னால் அந்த அறைக்குக் கீழே பெட்டி வைக்க விடாதீர்கள். சிமெண்ட் விறைப்பு, கீழே சுண்ணாம்பு நெகிழ்வு. வெயிலில் சிமெண்ட் வெடிக்கும், வெடிப்பில் இறங்கின தண்ணி வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே நிற்கும், சுவருக்குள் இருக்கிற விட்டத்தின் நுனி உளுத்துப்போகும்.

பருவமும் பாருங்கள். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும்தான் கூரைக் காலம். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் கூரை பிரிக்கிறவருக்கு நூலைப் பற்றிக் கவலையில்லை என்று அர்த்தம்.

கல்லல்வாசி | 4 மே, காலை 7.50

கூரை நாட்டு ஓடு. ஓடு மாற்றியாயிற்று, நூலறைப் பூச்சும் முடிந்தது என்கிறார்கள். பிறகும் ஏன் திறக்கவில்லை? அங்கே கேட்டால் “இன்னும் கொஞ்ச நாள்” என்பதற்கு மேல் பதில் இல்லை.

நாட்டோடு | 4 மே, மதியம் 1.30

ஈரம் அண்ணே. சிமெண்ட் பூச்சு தண்ணியைக் குடித்து இறுகும். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு இறுகணும், அது மெதுவாகத்தான் நடக்கும். செட்டிநாட்டுப் பூச்சில் அடுக்கு அதிகம். கடைசி அடுக்கு நைஸாக அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அவசரப்பட்டு நூலை அடுக்கினால் அந்த ஈரத்தைத் தாள் குடிக்கும்.

சோதனை சுலபம். 45 செ.மீ.க்கு 45 செ.மீ. தெளிவான பாலிதீன் தாளை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். நாலு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் மூடணும். 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ சுவர் நிறம் கருத்திருந்தாலோ நூலுக்கு இன்னும் காலம் வரவில்லை. ஒரு சுவரில் மட்டும் பார்த்தால் போதாது. தரையோடு சேர்கிற இடம், மழைத்தண்ணி இறங்குகிற மூலை, முற்றத்துப் பக்கச் சுவர் மூன்றிலும் ஒட்டணும்.

சுவடிக்கட்டு | 4 மே, மாலை 6.20

சுவர் காய்ந்தாலும் அறைக்காற்றையும் பார்க்க வேண்டும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை வரும். சுவடிக்கு 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எண்ணைவிட முக்கியம் திடீர் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைக்கும் அறையைவிட ஏசியே இல்லாத, சுவர் தடித்த இரண்டாங்கட்டு (முன்பகுதியைத் தாண்டிய உள்பகுதி) அறை சுவடிக்கு நல்லது.

கடையில் வாங்கும் சின்ன ஈரப்பதமானி பல நேரம் தப்பாகக் காட்டும். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் ஈர மண் போல ஆகும் அளவுக்கு மட்டும் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மானியையும் ஒரே ஜிப் பையில் வைத்து மூடி 10 மணி நேரம் நிழலில் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மானியில் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

வாசகர்_2 | 4 மே, இரவு 8.05

சுவடியை வேப்பிலை போட்டுப் பாலிதீன் பையில் கட்டி வைத்துவிட்டால் தூசியும் வராது, பூச்சியும் வராது. இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

சுவடிக்கட்டு | 4 மே, இரவு 8.40

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பச்சை வேப்பிலையில் தண்ணீர் இருக்கிறது. பாலிதீன் அதை வெளியே விடாது. சித்திரை வெயிலில் பைக்குள் வேர்த்து இரண்டே வாரத்தில் ஓலையில் பூஞ்சை பூக்கும். வசம்பும் கருஞ்சீரகமும் சேர்த்துச் சின்ன முடிச்சாகப் போடுவது பழைய முறை. உலர்ந்ததாக, துணிக்குள், ஓலையைத் தொடாமல் இருக்க வேண்டும்.

கட்டும் முறை: மேலும் கீழும் இருக்கும் சட்டத்தைக் கழற்றக் கூடாது. கயிற்றை உருவக் கூடாது. சட்டம் இல்லாத கட்டுக்கு ஓலையைவிட ஒரு விரல் அகலம் நீளமாக அமிலமில்லாத அட்டை இரண்டு வெட்டி வையுங்கள். மாவு போகத் துவைத்துக் காயவைத்த கோராத் துணியில் சுற்றி, பருத்தி நாடாவால் கட்டுங்கள். இறுக்கினால் ஓலை நுனி ஒடியும். எண்ணை எழுதிய அட்டையை நாடாவில் தொங்கவிடுங்கள். ரப்பர் பேண்ட், செல்லோடேப் இரண்டும் கூடவே கூடாது. ஒன்று உருகி ஒட்டும், மற்றது உரிக்கும்போது ஓலையின் தோலையும் எடுத்துக்கொண்டு வரும்.

கல்லல்வாசிக்கு: வேலை நடக்கும் கட்டடத்தில் சுவடியைப் பிரித்துக் காட்டச் சொல்லாதீர்கள். சுண்ணாம்புத் தூசி கீறிய எழுத்துக்குள் போய் உட்கார்ந்தால், அடுத்து ஈரம் பட்டதும் அங்கேயே இறுகிவிடும். படம் கேளுங்கள். எந்த ஏடு என்று ஏட்டெண்ணோடு கேளுங்கள், தமிழ் எண்ணில் எழுதியிருக்கும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் இருக்கட்டும். ஃப்ளாஷ் வேண்டாம். மை பூசாத ஓலைக்குப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வெளிச்சம் விட்டு ஒரு படம், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று. எழுத்து தெரியவில்லை என்று வாசகரே கரி தேய்ப்பது நடக்கவே கூடாத காரியம்.

காட்சிக்கூடம் | 5 மே, காலை 10.15

சிற்பக் கூடத்துக்கு வருகிறேன். நீலத் தார்ப்பாய் வெறும் மறைப்பு. தூசித் திரை வேறு: 200 மைக்ரான் பாலிதீன், தரையிலிருந்து கூரை வரைக்கும், நாலு விளிம்பும் டேப் ஒட்டி, போய்வர ஜிப் வைத்த திறப்பு. வேலைப் பக்கத்து ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓட வேண்டும். அப்போதுதான் திறப்பு திறந்தாலும் காற்று பார்வையாளர் பக்கத்திலிருந்து வேலைப் பக்கம் போகும், தூசி வெளியே வராது. தார்ப்பாயில் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தால் பக்கத்துக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் ஒரே வாரத்தில் வெளுத்துப்போகும். அதைப் பார்த்து மிரண்டுதான் அடுத்தடுத்த கூடத்தையும் மூடுகிறார்கள்.

உங்களுக்கு நல்ல நாள் ஞாயிறு. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். கட்டட வேலையாட்களுக்கு ஞாயிறு லீவு. முதல் நாள் ராத்திரி தூசி அடங்கியிருக்கும். காப்பாட்சியருக்கு எழுதும் கடிதத்தில் “ஞாயிறு காலை, வேலை இல்லாத நேரம், ஊழியர் ஒருவர் உடன் இருக்க, 40 நிமிடம், இந்த எண்ணுள்ள கல் மட்டும்” என்று குறிப்பிடுங்கள். நெறியாளர் கடிதம் இணைக்கணும். தலைக்கவசமும் மூடிய செருப்பும் நீங்களே கொண்டுபோங்கள். சாரத்துக்குக் கீழே நிற்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் தயக்கம் குறையும்.

இடப்பதிவேடு | 5 மே, காலை 11.00

ஞாயிற்றுக்கிழமை யோசனை அருமை. ஒரு திருத்தம்: சனிக்கிழமை சாயங்காலம் பூச்சோ வார்னிஷோ அடித்திருந்தால் ஞாயிறு அந்தக் கூடத்தில் நிற்க முடியாது. முதலில் ஒப்பந்தக்காரரின் வார அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

காட்சிக்கூடம் | 5 மே, மதியம் 12.20

ஒத்துக்கொள்கிறேன். அதோடு ஒன்று: புது ப்ளைவுட்டும் புது வார்னிஷும் ஆவி விடும். மூடிய காட்சிப் பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கினால் ஈயமும் செம்பும் அரிக்கும். புதுப் பெட்டி வந்த அன்றே செப்புத் திருமேனியை உள்ளே வைத்துத் திறப்பு விழா நடத்துவது தவறு. பெட்டியைத் திறந்துபோட்டுச் சில வாரம் ஆவி போகவிடணும். உள்ளே வைத்த பிறகு பச்சைப் பொடி மாதிரிப் புள்ளி கிளம்பினால் உடனே தனியே எடுத்து உலர்ந்த பெட்டிக்கு மாற்றணும். துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வரும்.

நகர்த்த முடியாத கல்லை இறுக்கமாகப் பாலிதீன் சுற்றுவதும் தவறு. தரையிலிருந்து ஈரம் ஏறி உள்ளே வேர்க்கும், உப்புப் பூக்கும், மேல்தோல் பொடிந்து எழுத்தோடு உதிரும். முதலில் பருத்தித் துணி. சுற்றிலும் மரச்சட்டக் கூண்டு, கல்லைத் தொடாமல் ஒரு கை இடைவெளி. கூண்டு மேல்தான் பாலிதீன், கீழே காற்றுக்கு வழி விட்டு. கூண்டின் ஒரு பக்கத்தைக் கொக்கி போட்ட கதவாகச் செய்யச் சொன்னால் செலவு ஒன்றும் கூடாது, ஆய்வாளர் வந்தால் திறந்து காட்டலாம். கூண்டு அடிக்கும் முன்னாலேயே இதைச் சொல்லணும். அடித்த பிறகு யாரும் பிரிக்கமாட்டார்கள்.

கல்லல்வாசி | 5 மே, இரவு 9.30

கூண்டு அடித்துவிட்டார்கள், கதவு இல்லை. கல்லில் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது.

காட்சிக்கூடம் | 6 மே, காலை 9.05

அப்படியென்றால் கல்லுக்காகக் காத்திருக்காமல் மைப்படியை (கல்லெழுத்தின் மேல் தாள் ஒற்றி மையால் எடுத்த படி) தேடுங்கள். கல்லின் சேர்க்கை எண்ணையும் (அருங்காட்சியகப் பதிவில் அதற்குக் கொடுத்த எண்) எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் குறித்துக்கொண்டு தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் கேளுங்கள். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் கிடைத்த கல் என்றால் 1929-இல் அச்சான சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பில் பாடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அச்சுப் பாடத்தில் ஐயமான எழுத்துகளை மட்டும் பட்டியல் போட்டுக்கொண்டு, கூண்டு பிரிக்கும் நாளன்று போய் அந்த வரிகளை மட்டும் சரிபாருங்கள். டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டி, 10 முதல் 15 பாகை சாய்வில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பும். நாலு திசையிலிருந்தும் பிடித்துப் படம் எடுங்கள்.

இடப்பதிவேடு | 9 மே, காலை 8.30

பதிவேடு எப்படிப் போடுவது என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

நூல் ஒவ்வொன்றாக எழுதப் போனால் ஆயிரமாவது நூலில் கை விட்டுவிடும். அலமாரியையே எண்ணாக்குங்கள். 90 செ.மீ. தட்டு மூன்று பெட்டி பிடிக்கும், பெட்டிக்கு 30 செ.மீ. நூல். 14-ஆம் அலமாரி, 3-ஆம் தட்டு, இடமிருந்து இரண்டாவது பெட்டி என்றால் 14-3-2. தட்டைக் காலி செய்யும் முன் எண் எழுதிய சீட்டை ஓரத்தில் வைத்து, முதுகு எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம். அவ்வளவுதான். பழைய நூற்பட்டியலில் அலமாரி, தட்டு எண் ஏற்கெனவே இருக்கும். அதைப் பார்த்தாலே எந்தப் பெட்டி என்று தெரிந்துவிடும், படத்தைப் பார்த்தால் உறுதியாகிவிடும். பதிவேட்டில் எழுத வேண்டியது பெட்டி எண், நிற்கும் அறை, வரிசை, நகர்த்திய தேதி, நகர்த்தியவர் கையொப்பம். பெட்டி அறை மாறினால் அன்றைக்கே எழுதணும், நாளைக்கு என்று விட்டால் தொலைந்தது.

பெட்டி 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நூலின் முதுகு கீழே இருக்கணும், அல்லது படுக்கை வசம். முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் உள்தாள் தன் பாரத்தில் தொங்கி அட்டையிலிருந்து கழன்றுவிடும். இடைவெளியில் அச்சிடாத செய்தித்தாள் உருண்டை. எண் பெட்டியின் இரண்டு பக்கவாட்டில், மேல்மூடியில் மட்டும் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது.

அடுக்குவதில்தான் வாசகரின் கதி தீர்மானமாகிறது. தரையிலிருந்து 15 செ.மீ. உயர மரத்தட்டு, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, மூன்று பெட்டி உயரத்துக்கு மேல் போகாமல், இரண்டு வரிசைக்கு நடுவே 75 செ.மீ. வழி. இடம் மிச்சம் பிடிக்க ஆறு பெட்டி உயரம் சுவரோடு ஏற்றிவிட்டால் அடிப்பெட்டி நூலுக்கு ஐந்து பெட்டி இறக்கணும், யாரும் இறக்கமாட்டார்கள், “அனுமதி இல்லை” என்றுதான் பதில் வரும். பெட்டிகளை மாடியில் ஏற்றவும் கூடாது. பழைய விட்டத்துக்கு அந்தப் பாரம் ஆகாது.

எல்லாவற்றையும் பெட்டியில் போடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் ஆறு தொகுதி, நிகண்டுகள், சங்க இலக்கியச் சொல்லடைவுகள், நூற்பட்டியல் இவையெல்லாம் வாசக மேசைப் பக்கம் ஒரு திறந்த அலமாரியில் நிற்கட்டும். வருபவர்களில் பாதிப் பேருடைய கேள்வி அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகம் தன் கட்டடம் ஒன்றை 2011-இல் மூடி 2015-இல் வெஸ்டன் நூலகம் என்று திறந்தது. மூடும் முன்பே தொடங்கி, சுமார் 70 லட்சம் நூல்களுக்குப் பார்கோடு ஒட்டி ஸ்விண்டன் கிடங்குக்கு அனுப்பினார்கள். கட்டடம் மூடியிருந்த காலத்திலும் வாசகர் கேட்ட நூல் வேறு வாசிப்பறைக்கு வந்தது. பார்கோடு இல்லாத நமக்கு 14-3-2 போதும்.

வாசகர்_2 | 9 மே, காலை 9.15

வளவு வீட்டில் வழி விடுவது எப்படி? முகப்பு முழுக்கச் சாரம், மணல், சுண்ணாம்புத் தொட்டி.

நாட்டோடு | 9 மே, இரவு 9.45

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ரெண்டு வாசல் இருக்கு. முன்கட்டு வேலை முடிகிற வரைக்கும் வாசகர் பின்வாசல் வழியாக வரட்டும், மூன்றாங்கட்டில் மேசை போடுங்கள். முன்கட்டு காய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். முற்றமே நடுவில் எல்லை. இவ்வளவு வசதியான வீட்டை மொத்தமாகப் பூட்டுவது எனக்குத் தாங்காது.

சக்கர நாற்காலிக்கும் பின்வாசல்தான் தோது. முன்வாசல் உயரம் 60 செ.மீ. என்று வையுங்கள், 12-க்கு 1 சரிவு என்றால் 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும், தெருவுக்கே வந்துவிடும். பின்பக்கம் உயரம் குறைவாக இருக்கிற வீட்டில் ரெண்டு மீட்டர் பலகையிலேயே முடியும். கதவு 90 செ.மீ. திறக்கிறதா என்று அளந்து பாருங்கள். நிலைப்படியில் தடுக்கும், அதற்கு ரெண்டு பக்கமும் ஆப்புப் பலகை.

கரையான் மருந்தைப் பற்றி ஒன்று. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் 30 செ.மீ.க்கு ஒன்று என்று 12 மி.மீ. துளை போட்டு மருந்து செலுத்துவது வழக்கம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கல் நடுவே துளை போட விடாதீர்கள், இணைப்பில் போடச் சொல்லுங்கள். கண்ணாடி மேல் வார்த்த வண்ணச் சிமெண்ட் மேல்பரப்பு அது, துளை போட்டால் ஓரம் சில்லாகப் பெயரும், அதே சாயத்தில் மாற்றுக் கல் கிடைக்காது. தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூவேலையே போச்சு.

இடப்பதிவேடு | 12 மே, காலை 10.30

சாவி விஷயத்தை யாரும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் நல்ல சேகரிப்புகள் சபைகளிடமும் குடும்பங்களிடமும் இருக்கின்றன. மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை 1909. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917, பாரதி 1919-இல் வந்து பாடிய இடம். சபை என்றால் செயலாளர் ஒருவர் இருப்பார். குடும்ப வளவு என்றால் பங்காளிகள் எட்டுப் பத்துப் பேர், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஒருவரிடம் சாவி, இன்னொருவரிடம் முடிவு. படைப்புக்கு (குடும்ப முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) எல்லாரும் ஊருக்கு வரும்போது ஒரே தாளில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்: எந்த அலமாரி, எத்தனை நாள், உடன் இருப்பவர் யார். ஆச்சி ஒருவர் வீட்டோடு இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். எந்த அலமாரி என்றைக்குத் திறந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அரசு நூலகம், அரசு அருங்காட்சியகம் என்றால் வாய்ப் பதிலோடு நிற்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தரணும். “எப்போது திறப்பீர்கள்” என்பது ஒரே வரிப் பதிலோடு முடிந்துபோகும். “இந்தச் சேர்க்கை எண்ணுள்ள பொருள் இன்று எந்த அறையில் உள்ளது, இடமாற்றப் பதிவேட்டின் நகல் தருக, வேலை முடிக்க ஒப்பந்தத்தில் குறித்த தேதி எது” என்று ஆவணத்தைக் கேளுங்கள். தனியார் அறக்கட்டளைக்கு இது பொதுவாகச் செல்லாது. அங்கே பணிவான கடிதமே வழி.

காட்சிக்கூடம் | 12 மே, மாலை 5.50

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2003-இலிருந்து 2013 வரை பத்தாண்டு வேலையில் கிடந்தது. ஆனால் ஒரு பக்கக் கட்டடத்தைத் திறந்து வைத்து, தலைசிறந்த படைப்புகளை அங்கே தொடர்ந்து காட்டினார்கள். மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் இது ஆகும். ஒரு கூடம் மூடும்போது அதிலிருந்து பத்துப் பொருளை எடுத்து நுழைவுக் கூடத்தில் வைக்கலாம். தொலைவிலிருந்து பேருந்து பிடித்துவரும் பள்ளிப் பிள்ளைகள் தார்ப்பாயைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

நெருப்பைப் பற்றியும் சொல்லணும். கிளாஸ்கோ கலைப்பள்ளியின் மாக்கிண்டாஷ் கட்டடம் 2014 மே மாதம் எரிந்து, அதன் நூலகம் போனது. மீட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போதே 2018 ஜூனில் மறுபடி எரிந்தது. பழைய தேக்கு, வார்னிஷ், அட்டைப்பெட்டி, பாலிதீன் எல்லாம் ஒரே இடத்தில் சேரும் காலம் இது. வெல்டிங் வேலைக்கு எழுத்தில் அனுமதி, பக்கத்தில் தீயணைப்பான், வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து பார்க்கணும். மாலை போகும்போது வேலைப் பகுதியின் மின்சாரத்தை மெயினிலேயே அணைக்கணும். வாசகர் வெளியேறும் வழியில் ஒரு பெட்டிகூட நிற்கக் கூடாது.

கல்லல்வாசி | 2 ஜூலை, காலை 8.00

நூலகம் செவ்வாயும் வியாழனும் பின்வாசல் வழியாக 10 முதல் 1 வரை அனுமதிக்கிறது. முதல் நாள் மாலைக்குள் எண் சொல்லணும். சுவடி ஏடுகளின் படம் வந்துவிட்டது. அடுத்த மாதம் நூல்கள் அலமாரிக்குத் திரும்புகின்றன, உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

இடப்பதிவேடு | 2 ஜூலை, காலை 9.20

ஆடிக்காற்றில் ஜன்னல் திறந்து வைத்து அடுக்காதீர்கள். தட்டை ஈரமில்லாத துணியால் துடைத்து, வார்னிஷ் வாடை இருந்தால் இன்னும் பொறுங்கள். ஒரு தட்டின் மூன்று பெட்டியையும் ஒன்றாகக் கொண்டுவந்து, பழைய படத்தைக் கையில் வைத்து இடமிருந்து அடுக்குங்கள். இடைவெளி விழுந்தால் அந்த இடத்தில் ஒரு அட்டையைச் செருகி எண்ணை எழுதுங்கள். “அப்புறம் பார்க்கலாம்” என்று நெருக்கி அடுக்கினால் எது காணவில்லை என்பதே தெரியாமல் போகும். வேலை நடக்கும் காலத்தில்தான் கதவு, தூண், அலமாரியோடு பழைய நூலும் பழைய சாமான் கடைக்குப் போகிறது. காணாமல் போனவற்றின் பட்டியலை முத்திரைப் படத்தோடு உடனே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் கொடுத்து வையுங்கள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு ஆகியிருந்தால் 1972 தொல்பொருள் சட்டத்தில் வந்துவிடும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

சுவடிக்கட்டு | 2 ஜூலை, காலை 9.45

காலிப் பெட்டியை உடனே மடக்கிப் போடாதீர்கள். வெள்ளைத் துணி மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒடிந்த ஓலை நுனி, கழன்ற தலைப்புப் பக்கம், பாதிச் சீட்டு இருக்கும். எல்லாவற்றையும் உறையில் போட்டுப் பெட்டி எண்ணை உறைமேல் எழுதுங்கள். செய்தித்தாள் உருண்டையையும் பிரித்துப் பாருங்கள்.